வள்ளியாத்தாள் பிடித்த கூறைச்சேலை

கொடுமுடிக் காவிரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கையில் கற்பூரம் ஏந்திச் சத்தியம் செய்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன வாய் புழுத்துப்போகட்டும். கற்பூரம் பாதியில் அணைந்தது காற்றின் குற்றம்.

கோபிசெட்டிபாளையத்தைத் தாண்டி ஒரு வாய்க்கால் கரை ஊர். வருஷம் தொண்ணூற்று நாலு. அந்த ஊர்க் கொசுக்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். புகையடிக்கிற மெஷினோடு ஆள் வந்தால், குளிருக்கு இதமாக இருக்கிறதென்று குடும்பத்தோடு வந்து சுற்றி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கொசுக்கள் கடித்துத்தான் வள்ளியாத்தாளுக்கு யானைக்கால் வந்தது. பத்தொன்பது வயதில் குளிர்காய்ச்சலும் நெறிகட்டுமாக ஆரம்பித்தது. இப்போது முப்பத்தாறு. வலது கால் முழங்காலுக்குக் கீழே தூணாகிவிட்டது.

காலின் கனத்தை அவள் பொறுத்துக்கொண்டாள். ஊரைத்தான் பொறுக்க முடியவில்லை. வாய்க்கால் படியில் அவள் துணி துவைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிற பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் கால் வைப்பார்கள். அந்த வருஷம் ஈரோட்டில் மஞ்சள் விலை ஏறியதற்கு வியாபாரிகள் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். காரணம் இந்தப் படிக்கட்டுதான். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலி. தீபாவளிக் கூட்டத்தில் ஜனங்கள் பஸ் கூரைமேல் படுத்துக்கொண்டு வருவார்களே தவிர அங்கே உட்கார மாட்டார்கள்.

"கொசு கடிச்சு வாரதுங்க மாரியக்கா. தொட்டா ஒட்டாதுங்க. டாக்டரே சொல்லிப்போட்டாருங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது.

"கொசு எங்களையுந்தான் கடிக்குது அம்மணி. உனக்கு மட்டும் எப்பிடி வந்துச்சாம்?" என்பாள் பக்கத்து வீட்டு மாரியாத்தாள். "எங்கயாச்சும் பாம்புப்புத்தை மிதிச்சிருப்பே. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்க்கச் சொல்கிறவர்களோடு என்ன பேசுவது?

இதற்கு நடுவில் தம்பி அங்கப்பனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அதுவரை வந்த வரன்களெல்லாம் அக்காவின் காலைப் பார்த்ததும் காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிப் போயின. கிணத்துக்கடவுக்காரர்கள் வந்த அன்று வள்ளியாத்தாளை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டாள். வரன் அமைந்தது.

கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் பட்டும் நகையுமாக அவன் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை இவள் கையில். பொறந்தவளுக்குச் சபையில் இருக்கிற உரிமை அது. தனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கப்போவதில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, வள்ளியாத்தாள் அந்தச் சேலை முனைக்காகத்தான் காத்திருந்தாள்.

கல்யாண வாரத்தில் பெரியப்பா வந்து தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, இணைச்சீருக்கு நம்ம லோகப்பிரியா நின்னுக்கட்டும். பெரியப்பன் புள்ளையும் பொறந்தவதானே?"

"ஏனுங் பெரியப்பா, நானென்ன செத்தா போயிட்டனுங்க?"

"அட, நல்ல காரியத்துல அப்பிடிப் பேசுவாங்களா? வீடியோ எடுக்கறாங்க கண்ணு. காலத்துக்கும் நெலையா நின்னுபோகுமல்லோ."

"என்ர காலுந்தானுங் நெலையா நிக்குது. சேலை கட்டுனா மறைஞ்சுக்குமுங்க."

"அதை மறைக்கோணும்னா தேருக்குக் கட்டற துணிதான் வேணும்" என்று சொல்லிப் பெரியப்பா தானே சிரித்துக்கொண்டார்.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "அங்கப்பா, நீ சொல்லு சாமி."

அங்கப்பன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்களோக்கா..."

"நீ என்ன நெனைக்கறே?"

பொத்தான் கையோடு வந்துவிட்டது.

"உட்டுப்போடு கண்ணு" என்றாள் அம்மா பாவாத்தாள். "அவனுக்காச்சும் நல்லது நடக்கட்டும்."

முகூர்த்தத்தன்று நடந்ததை மண்டபமே பார்த்தது. சீர்களை நடத்தி வைக்கிற அருமைக்காரர் "இணைச்சீர்க்காரி வரலாம்" என்றதும் லோகப்பிரியா எழுந்தாள். அவளுக்கு முன்னால் வள்ளியாத்தாள் மேடை ஏறிவிட்டாள். முதல் படியில் கால் வைத்ததும் ட்யூப்லைட்டெல்லாம் அணைந்து எரிந்தன. அடுத்த படிக்குத் தவில்காரருக்குத் தாளம் தப்பியது. அதற்கடுத்த படி பிளந்தேபோனது.

பெரியப்பா ஓடிவந்து ஒரு பித்தளை அண்டாவை இழுத்து அவள் காலை மறைத்தார். அவள் அந்தக் காலாலேயே அண்டாவைத் தள்ளினாள். அது உருண்டு சமையல்கட்டைத் தாண்டி வாழைத்தோட்டத்தில் போய் நின்றது. சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. ஏனுங் வீடியோக்காரரே, கிட்ட வாங்க. லைட்டைப் போடுங்க."

அந்த வெளிச்சத்துக்குத்தான் வாய்க்காலிலிருந்து கொசுப்படை கிளம்பி வந்தது. எந்தக் குலக்கூட்டம், எந்தக் குலக்கோயில் என்று விசாரிக்கவில்லை. பாம்புப்புத்தை மிதித்தவரா, மிதிக்காதவரா என்று கேட்கவில்லை. ஒருவர் விடாமல் கடித்தது. பந்தியில் ரசம் வருவதற்குள் சபை முழுவதற்கும் வலது கால் வீங்கிவிட்டது. வாசலில் கிடந்த வலதுகால் செருப்புகள் அத்தனையும் அநாதையாகின.

பெரியப்பா மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அம்மணி, இது... தொத்துமா?"

"தொத்தாதுங் பெரியப்பா! எத்தனை வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்! தெனமும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வெரலிடுக்குல ஈரமில்லாமத் தொடைங்க. உக்காரும்போது காலை ஒசத்தி வெச்சுக்கோங்க. மாத்தரை குடுப்பாங்க, முழுங்குங்க. அவ்வளவுதானுங்க. மஞ்சத் தண்ணியெல்லாம் வேண்டாமுங்க."

அங்கப்பன் கூறைச்சேலையின் முனையை எடுத்து இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினான். அவள் பிடித்தாள். சபை முழுக்க எழுந்து நின்றது, இடது காலில்.

கற்பூரம் அணைந்தது காற்றால் அல்ல. நிஜத்தில் அங்கப்பன் கல்யாணத்தில் கூறைச்சேலையின் மறுமுனையைப் பிடித்து நின்றவள் லோகப்பிரியா. வள்ளியாத்தாள் அன்று வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள் இருந்தாள்.