அசையாத புள்ளி

படகு எங்கே நிற்கிறது என்று கரையிலிருந்தே பார்த்துக்கொள்ள மணப்பாட்டில் பலரும் ஒரு செயலியை வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரான நாசரேத்தைச் சேர்ந்த செந்தில்முருகனும் நாலைந்து நண்பர்களும் சம்பளமில்லாமல் எழுதிய செயலி அது. யாரும் அதைத் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் சொல்லலாம், புது வசதி கேட்கலாம். எமில்டா அதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது பிழையைச் சொல்லியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டாள்.

பின்னே கோபம் வராதா? போன வாரம் அவள் கணவன் ரோச்சின் படகு வெகுதூரம் போன பிறகு எந்திரம் கோளாறாகி, போனும் நனைந்து செத்துப்போய், நீரோட்டத்தில் தெற்கே இழுபட்டுக்கொண்டிருந்தது. செயலியிலோ படகின் புள்ளி காலையில் நின்ற இடத்திலேயே சமர்த்தாக நின்றது. அவளும் அதை நம்பி நிம்மதியாகக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தும் ஆளைக் காணவில்லை என்றதும், அவளுடைய அண்ணன் அனிஷ் தன் படகை எடுத்துக்கொண்டு புள்ளி காட்டிய இடத்துக்குப் போனார். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. அலைந்து திரிந்து அவர் ரோச்சின் படகைக் கண்டுபிடித்துக் கட்டியிழுத்து வருவதற்குள் எமில்டாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"படகு நகர்ந்தும் புள்ளி நகரவில்லை" என்று செயலியின் பிழைப் பக்கத்தில் எழுதினாள். மறுநாளே செந்தில்முருகன் பதில் போட்டிருந்தார். "அக்கா, இது பிழை இல்லை. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டுச் சேர்த்த வசதி. மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்கப் புள்ளியை நிறுத்தி வைக்கலாம்." கேட்டவர் பெயரும் கீழே இருந்தது. ரோச்.

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவன் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். "இது ஒங்க வேலையா?"

"ஆமா."

"ஊருக்கு மறைக்கணும்னா மறைங்க. எனக்கு எதுக்கு மறைச்சிய?"

ரோச் தலை நிமிரவில்லை. "ஏளா, ஒனக்குத் தெரிஞ்சா மறுநாளே ஒங்க அண்ணன் படகு அங்கன வந்து நிக்கி. நான் என்ன செய்ய?"

பாரை மீன் கிடைக்கிற இடத்தை அண்ணனிடம் சொன்னது எமில்டாதான். பிறந்த வீட்டுப் பாசம், வாய் சும்மா இருந்தால்தானே.

மறுபடி உட்கார்ந்து எழுதினாள். இந்தத் தடவை பிழை என்று சொல்லவில்லை, வசதி கேட்டாள். புள்ளி நின்றபடி நிற்கட்டும். சொன்ன நேரத்துக்குப் படகு கரை திரும்பாவிட்டால் மட்டும், போன் கடைசியாக அனுப்பிய உண்மையான இடம் ஒரே ஒருவருக்குத் தெரிய வேண்டும். அந்த ஒருவர் யார் என்று படகுக்காரரே சொல்லட்டும்.

அடுத்த மாதம் அந்த வசதி வந்தது. யாருக்குத் தெரிய வேண்டும் என்று செயலி கேட்டது. எமில்டா ரோச்சின் புதுப் போனில் தன் எண்ணை அடிக்கப் போனாள். ரோச் போனை வாங்கித் தானே ஒரு எண்ணை அடித்துத் திருப்பிக் கொடுத்தான். அனிஷின் எண்.

"எங்க அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான புள்ளிய நிறுத்துத வசதியவே கேட்டிய?"

"அன்னைக்குத் தேடி வந்தது அவருல்லா. நீயா படகெடுத்துட்டு வருவ?"

எமில்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரோச் வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"பாரை கெடக்க எடத்த மட்டும் நீ சொல்லிராத" என்றான்.