மேனேஜருக்கு ஒரு முட்டை

வாலு மூன்று நாளாக ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். விலங்குக் காப்பகத்தில் ஐந்து வயதைத் தாண்டிய நாய்களை இந்த மாதம் பாதிக் கட்டணத்தில் தத்துக் கொடுக்கிறார்களாம், தடுப்பூசிகூட அவர்களே போட்டுவிட்டார்களாம். பள்ளிக்கூட வாசலில் கொடுத்த நோட்டீஸ் கசங்கிக் கந்தலாகியும் அதை விடுகிற மாதிரி இல்லை. பத்து வயது மகள் இப்படிக் கெஞ்சினால் எந்த அப்பாவும் இளகிவிடுவார். இந்த அப்பாவோ நோட்டீஸைப் பார்த்ததும் சாக்குத் தேடத் தொடங்கினார்.

"கடையில குட்டி வாங்கப் போனா உங்க ஒரு மாசச் சம்பளம் காலி. இதுன்னா நமக்குக் கட்டுப்படியாகும்" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் பில் போடுகிறவள். எதையும் அட்டையைத் திருப்பித் தேதி பார்த்துத்தான் வாங்குவாள். அவளே தலையாட்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மூடியிருப்பாங்க."

"திறந்திருக்கும்னு போட்டிருக்குப்பா!"

மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். கண்ணாடிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். நான்கு மாதத்துக்கு முன் ஸ்டோரையே இழுத்து மூடிவிட்டார்கள். அன்று மாலையே சொல்லத்தான் நினைத்தார். மகளுக்குக் காய்ச்சல். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தார். மனைவி நல்ல மனநிலையில் இருந்தாள், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார். ஒரு வாரம் போனதும், வேலை போனதைவிட அதை மறைத்தது பெரிய குற்றமாகிவிட்டது. கம்பெனி கணக்கு முடித்துக் கையில் கொடுத்தனுப்பிய பணத்தைச் சம்பளம் என்று மாதாமாதம் நீட்டினார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, நூலகத்திலும் பஸ் நிலையத்திலும் பொழுதை ஓட்டினார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய இடம் இந்தக் காப்பகம். நாய்களை நடக்கக் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டது. நீ யார், எங்கே வேலை என்று யாரும் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் பொறுப்பில் வந்தது பழுப்பு நிறத்தில் ஏழு வயது நாய். ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும். இரண்டு வீடுகள் கூட்டிப்போய்த் திருப்பி விட்டிருந்தன. முதல் நாள் அது கடுகடுவென்று பார்த்த பார்வையில், "குட்மார்னிங் மேனேஜர் சார், லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு குட்மார்னிங் சொன்னால் நாய் வலது காலைத் தூக்கி நீட்டவும் பழகிக்கொண்டது.

வீட்டில் ஆபீஸ் கதை கேட்டால் கையில் சரக்கு இருந்தது. "மேனேஜருக்குக் காது வலி, யாரையும் கிட்டயே விடல." "மேனேஜர் என் முட்டையை அப்படியே எடுத்துக்கிட்டாரு." இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வார். மனைவி மறுநாளிலிருந்து டப்பாவில் இரண்டாவது முட்டை வைத்தாள். "மேனேஜருக்குன்னு சொல்லிக் கொடுங்க. மனுஷன் மனசு குளிர்ந்தா உங்களுக்கு ஏதாவது நல்லது பண்ணுவாரு" என்றாள். அன்று அந்த டப்பாவை வாங்க அவருக்குக் கை கூசியது.

ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவிக்குப் பின்னால் பதுங்கி நடந்தார். "பூனை பார்க்கலாமா? பூனைக்குச் செலவு கம்மி" என்று நழுவப் பார்த்தார். அதற்குள் ஐந்தாவது கூண்டில் ஒரு பழுப்புத் தலை எழுந்தது. கம்பியில் முன்னங்கால்களை வைத்து நின்று அது அழுத அழுகையில் வரிசை மொத்தமும் குரைக்கத் தொடங்கியது.

வாளியோடு வந்த காப்பகக்காரப் பெண் சிரித்தாள். "என்ன சார், ஞாயித்துக்கிழமைகூட உங்க மேனேஜர் விடலையா?"

தாழ்ப்பாளை நீக்கியதும் நாய் நேராக அவர் முன்னால் வந்து உட்கார்ந்து வலது காலை நீட்டியது. கைகுலுக்க ஆள் இல்லாமல் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் பையை மோந்து முட்டையைத் தேடியது.

"மேனேஜரா?" என்றாள் மனைவி.

"சார் வச்ச பேரும்மா. மூணு மாசமா காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் இங்கதான். சார் கொண்டுவர்ற முட்டைன்னா இது உயிரையே விடும்."

மனைவி அந்த மடங்கிய காதைப் பார்த்தாள். "காது வலி" என்றாள் மெதுவாக. "முட்டை" என்றாள். அப்புறம் அவர் பையைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் கத்தித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அப்பா, உங்க மேனேஜர் நாயா?"

"அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, கண்ணு."

வாலு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். "அப்புறம் எதுக்கு தினமும் எனக்கு டாட்டா காட்டுனீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

காப்பகக்காரப் பெண்ணுக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. தயங்கித்தான் படிவத்தை நீட்டினாள். "பகல்ல வீட்ல யார் இருப்பாங்கன்னு எழுதணும்மா. யாரும் இல்லைன்னா தரமாட்டோம். இது ரெண்டு தடவை திரும்பி வந்தது அதனாலதான்."

மனைவி படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றே அவர் நினைத்தார். போகவில்லை. பேனாவை வாங்கி எழுதினாள். எட்டிப் பார்த்தார். 'கணவர்' என்று இருந்தது. அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது.

வீடு வரை அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள். அன்று முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாலுவும் நாயோடுதான் பேசினாள்.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவி தன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க? மேனேஜர் வீட்லதான இருக்காரு" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நாய் எதிரில் வந்து உட்கார்ந்து வலது காலை நீட்டியது. மேஜையில் ஒரே ஒரு முட்டை உரித்து வைத்திருந்தது. அது யாருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.