பதினொரு மணி நேர வேலை

அந்தத் தெருவில் மெக்கானிக்குக்கு 'அரைமணி' என்று பெயர். எந்த வண்டி வந்து நின்றாலும் "அரைமணியில முடிச்சிடலாம்" என்பான். ஏமாற்றுகிற ஆள் இல்லை, பாவம். உள்ளதைச் சொன்னால் வந்தவர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவாரோ என்ற பயம்தான்.

போன மாதம் சொந்த அக்காவின் வண்டிக்கும் அதே கதை. அக்கா நர்ஸ். ஒரு கிழட்டு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் மலையேறிப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். மத்தியானம் தருகிறேன் என்றவன் பொழுது சாயத்தான் தந்தான். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் நாள் முழுக்க வெயிலில் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்களாம். கேள்விப்பட்ட அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஜீப் மறுபடியும் வந்தது. கிளட்ச் தேய்ந்துபோய் என்ஜின் கத்துகிறதே தவிர வண்டி மேடு ஏறவில்லை. வியாழக்கிழமை ஊசி போடும் நாள்.

அவன் வண்டிக்கு அடியில் இருந்த பட்டறைக் குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். சாதாரணக் கார் என்றால் நாலு மணி நேரம். இதில் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு ஷாஃப்ட்டையும் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸோடு இன்னொரு பெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கனத்தை இறக்க, ஏற்ற, ஒத்தாசைக்குப் பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட வேண்டும். போல்ட் எல்லாம் துருவேறிக் கிடக்கிறது. லேத்துக்காரர் எதையும் மறுநாள்தான் கடைந்து தருவார். விரல்விட்டு எண்ணினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, வந்த எண்ணைக் குறைக்காமல் மேலே ஏறி வந்தான்.

"அக்கா, பதினொரு மணி நேர வேலை. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி உன் கையில."

அக்கா தலையாட்டிவிட்டு மலைக்கு ஃபோன் போட்டாள். "இந்த வியாழக்கிழமை வர முடியாதும்மா. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

"என்னக்கா பண்ற? நாளைக்குன்னு சொல்றேன்ல!"

"நீ நாளைக்குன்னா அது வெள்ளிக்கிழமைடா. கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா? உன் கணக்கை ரெண்டால பெருக்கித்தான் இத்தனை வருஷமா உன்கிட்ட குப்பை கொட்டுறேன். போன மாசம் மட்டும் பெருக்க மறந்தேன், பாவம் அவங்க வெயில்ல நின்னாங்க."

"இந்தத் தடவை எண்ணிப் பாத்து சொல்றேன்க்கா."

"எந்தத் தடவை நீ அப்படிச் சொல்லல?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

அந்த ரோஷத்தில் இரண்டு நாளும் டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை. வெல்டர், "யாருய்யா உனக்கு மந்திரிச்சு விட்டது?" என்று கேட்டே விட்டார். புதன்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாவியை அக்காவிடம் நீட்டினான்.

அக்கா ஓட்டிப் பார்த்தாள். வண்டி மேட்டில் அலுங்காமல் ஏறியது. கடிகாரத்தைப் பார்த்தாள், முகம் மாறியது. அவசரமாக மலைக்கு ஃபோன் போட்டாள்.

"நீங்க வரலைன்னீங்களேம்மா," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "எல்லாரும் அடுத்த மலைத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பிட்டாங்க. புள்ளைங்களையும் தூக்கிட்டுப் போயாச்சு. ஒரு வாரம் ஆகும்."

"நான்தான்டா அவசரப்பட்டுட்டேன்," என்றாள் அக்கா.

இந்த வார்த்தைக்காகத்தான் இரண்டு நாளாகக் குழிக்குள் கிடந்து உழைத்தான். காதில் விழுந்தபோது அதை அவனால் தாங்க முடியவில்லை.

"இல்லக்கா. நீ இருபது வருஷம் என்னை நம்பிப் பாத்து ஏமாந்தவதானே."

வியாழக்கிழமை முழுக்க ஜீப் அக்கா வீட்டு வாசலிலேயே நின்றது. அதில் ஒரு பழுதும் இல்லை.