அக்கா பார்த்த ஆட்டம்

கல்லூரி நாட்களில் நெட்டையின் கைக்குப் பந்து போனாலே எதிரணிப் பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவன் கடல் தாண்டிப் போய், ஒரு கூடைப்பந்து கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறான் என்றால் அக்காவுக்குப் பெருமை பிடிபடுமா? அக்கம்பக்கத்தில் யார் அகப்பட்டாலும் நிறுத்திவைத்துத் தம்பி புராணம் பாடுவாள். அகப்பட்டவர்கள் தப்பிப்பது கஷ்டம்.

அங்கே அவன் என்ன ஆடினான் என்பதுதான் விஷயம். போன புதிதில் முழங்கால் மக்கர் பண்ணியது. அது சரியாவதற்குள் அவனைவிட வேகமான ஒருவன் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டான். கிளப் அவனைத் துரத்தவில்லை, வேறு வேலை கொடுத்தது. வருகிற சனிக்கிழமை மோதப்போகும் அணியில் யார் பெரிய ஆளோ, அவனைப் போலவே வாரம் முழுக்கப் பயிற்சியில் ஆடிக் காட்ட வேண்டும். அவன் இடது பக்கமாகவே புகுந்து போகிறவன் என்றால் இவனும் இடது பக்கம். எறிவதற்கு முன் தோளைக் குலுக்குகிறவன் என்றால் இவனும் குலுக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் மடக்கிப் பழக முடியும். நெட்டை இதில் கெட்டிக்காரன். அத்தனை பேரைப் போலவும் ஆடத் தெரியும், தான் எப்படி ஆடுவோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. சனிக்கிழமை வந்தால் பெஞ்சைத் தேய்ப்பான்.

இதை அக்காவிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "நேத்து நாந்தான் ஜெயிக்க வெச்சேன்க்கா" என்று ஃபோனில் வாய் கூசாமல் அளந்தான். அளந்தது போதாதென்று, "ஒரு தடவ வந்து பாரேன்" என்று உபசாரம் வேறு. அக்கா ஆபீசில் லீவு போட்டு, நிஜமாகவே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அவள் வந்த வாரம் எதிரணியின் பெரிய ஆள் கட்டை. நெட்டையோடு ஒரே கல்லூரியில் ஆடி, ஒரே விமானத்தில் வந்து இறங்கியவன். கூடைப்பந்துக்காரர்கள் நடுவில் நின்றால்தான் அவன் கட்டை, பஸ்ஸில் ஏறினால் அவனும் குனியத்தான் வேண்டும். கல்லூரிக் காலத்தில் விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் வாரக்கடைசியில் நெட்டையின் வீட்டில்தான் கிடப்பான். அக்கா இருவருக்கும் ஒரே மாதிரி பரிமாறுவாள், ஒரே மாதிரி திட்டுவாள். அந்த உரிமையில்தான் ஆட்டத்துக்கு முந்தின நாள் நெட்டை அவனுக்கு ஃபோன் போட்டான்.

"டேய், ஸ்கோர் எட்டாத தூரம் போனப்புறம் சும்மா ஒப்புக்கு என்னை இறக்குவாங்க. அப்ப ஒரே ஒரு தடவ விட்டுக் குடுடா. அக்கா வந்திருக்கா."

கட்டை ஒரு நிபந்தனை போட்டான். "ஜெயிக்கறது தோக்கறது முடிவானப்புறம்னா சரி. இழுபறியில கேட்டுத் தொலைக்காத. இந்த சீசன் சறுக்கினா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"சீச்சீ. இழுபறியில என்னை எவன் இறக்குவான்?"

ஆனால் இறக்கினார்கள். ஆட்டம் கடைசிவரை இழுத்துக்கொண்டே போனது. நெட்டையின் அணியில் ஒருவன் ஃபவுலுக்கு மேல் ஃபவுல் வாங்கி வெளியே போனான், அவனுக்குப் பதில் போனவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். பயிற்சியாளர் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார்.

"வாரம் பூரா நீதானே அவனா இருந்த? போ, அவனை மடக்கு."

நெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு புள்ளி பின்தங்கி, நேரம் முடியப்போகிற சமயத்தில் பந்து அவன் கைக்கு வந்தது. எதிரே கட்டை கைகளை விரித்து நின்றான். வலது பக்கம் இவன் அணிக்காரன் ஒருவன் மடக்க ஆளில்லாமல் நின்று, பந்தைக் கொடு என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தான். கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஜெயித்தாலும் தோற்றாலும் தலை நிமிர்ந்து வெளியே வந்திருப்பான். மேலே வரிசையில் அக்கா எழுந்து நின்று செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா பாக்கறா," என்றான் நெட்டை, மெதுவாக. அந்தக் களத்தில் கட்டையைத் தவிர வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது.

கட்டையின் கண் ஒரு நொடி மேலே போனது. கை இறங்கியது. நெட்டை அவனைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டான், மணி அடித்துவிட்டது.

அணிக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தபோது கட்டை அதே இடத்தில் நிற்பது நன்றாகவே தெரிந்தது. நெட்டையை வெட்கம் பிடுங்கித் தின்றது. இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உயரத் தூக்கினார்கள்.

உடை மாற்றும் அறைகளுக்கு வெளியே இருந்த நடையில் காத்து நின்றான். எதிரணியின் கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஓய்ந்ததும் கட்டை பையோடு வெளியே வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து பாக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"நான் வந்து உங்க கோச் கிட்ட உண்மைய சொல்லிடறேன்டா."

"என்னன்னு சொல்லுவ? நான் காசு வாங்கிட்டு விட்டேன்னு சொல்லுவாங்க. இருக்கிற பேரும் போயிடும். பேசாம இரு."

அவன் கோபப்பட்டிருந்தால்கூட நெட்டைக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அதற்குள் அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணெல்லாம் ஈரம். முதலில் கட்டையின் முதுகைத்தான் தட்டிக் கொடுத்தாள்.

"மனசுல வெச்சுக்காதடா. காலேஜ்லயும் இவன்தானே உன்னைத் தாண்டிப் போவான்?"

"ஆமாக்கா," என்றான் கட்டை. "இவனைப் பிடிக்க முடியாதுக்கா."

நெட்டை வாயைத் திறந்தான். "அக்கா, அது வந்து..."

"நீ பேசாத," என்று அக்கா அவன் பக்கம் திரும்பினாள். "மேல போயிட்டா கூட வந்தவன மறந்துடறதா? இவனுக்கும் ரெண்டு விஷயம் சொல்லிக் குடுத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவ?"

கட்டை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தான்.

"சரிக்கா," என்றான் நெட்டை.