தொப்பியில் மிஞ்சிய படம்

படத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அச்சடித்தே கொண்டுவந்து நீட்டினார்கள். சியோலில் ஒரு திரைப்படக் காப்பகம் என் படங்களுக்கு ஒரு வாரம் விழா எடுக்கிறது. முதல் நாள் நிகழ்ச்சிக்கு 'குக் ஹேரானைச் செதுக்கிய படம்' என்று பெயர். குக் ஹேரான் நான்தான். எனக்குக் கண் திறந்துவிட்ட ஒரு படத்தைத் திரையிடுவார்கள், அதைப் பற்றி நான் பேச வேண்டும். துண்டறிக்கையில் ஓர் ஐரோப்பிய மேதையின் படத்துப் பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

எனக்கு உச்சி மண்டைவரை சுர்ரென்று ஏறியது. யாரைக் கேட்டு இதைப் போட்டீர்கள் என்று கத்தினேன்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பியோன் செயுன் அடக்கமான ஆள். அதனாலேயே எரிச்சல் கூடியது. "உங்களைக் கேட்டுத்தான், டைரக்டரம்மா. தொண்ணூத்தாறுலேருந்து எல்லாப் பேட்டியிலயும் இதைத்தானே சொல்லியிருக்கீங்க" என்று ஒரு கோப்பைத் திறந்தார். இருபத்துமூன்று வருடப் பேட்டிகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு. சொன்னது நான்தான். அதனால்தான் அத்தனை கோபம்.

அந்த ஐரோப்பியப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு முப்பத்துநான்கு வயது. அதற்குள் என் முதல் படமே வெளியாகியிருந்தது. அதில் காமிரா நகராமல் நிற்பதைப் பார்த்த ஒரு நிருபர், இன்னாருடைய பாதிப்பா என்று கேட்டார். அந்த இன்னார் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அன்று சாயங்காலம் வீடியோக் கடைக்கு ஓடினேன். ஒரு தடவை ஆமாம் சொன்ன வாய் அப்புறம் இல்லை என்று சொல்லக் கூசியது.

என்னைச் செதுக்கியது 'நெத்திலி காயும் கரை'. எழுபத்துமூன்றில் வந்த படம். இன்சியோன் மீன் சந்தைக்குப் பின்னால் மலிவுப் படங்கள் ஓட்டும் ஒரு தியேட்டர் இருந்தது. அதன் வாசலில் அம்மா காய்ந்த கணவாய் மீனைச் சுட்டு விற்றாள், அதனால் என்னை டிக்கெட் இல்லாமலே உள்ளே விடுவார்கள். அந்த வருடம் அப்பா போன படகு திரும்பி வரவில்லை. நான்காம் நாள் அம்மா அடுப்பை மூட்டிக் கணவாய் சுட உட்கார்ந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குப் பதினோரு வயது. கல்நெஞ்சக்காரி என்று அவளை மனதார வெறுத்தேன்.

அந்தப் படத்தில் ஒருத்தி கரையில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருப்பாள். புருஷனின் படகு மூழ்கிவிட்டது என்று ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போவான். அவள் பரப்பிக்கொண்டே இருப்பாள். ஒட்டிக்கொண்டதைப் பிரிப்பாள், உடைந்ததைப் பொறுக்குவாள். காமிரா அசையாது, இசை கிடையாது. இப்படியே நான்கு நிமிடம். தியேட்டரில் விசிலும் கூச்சலுமாக இருந்தது. நான் வெளியே ஓடிப்போய் அம்மாவின் கையைப் பார்த்தேன். அது கணவாயைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டுதான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. பிற்பாடு நான் எடுத்த ஒன்பது படங்களிலும் அந்த நான்கு நிமிடத்தைத்தான் எடுக்கப் பார்த்தேன்.

இதைச் சொல்ல என்ன வெட்கம் என்று கேட்கலாம். அது கோட்டாப் படம். அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் உள்ளூரில் சில படம் எடுத்துக் கணக்குக் காட்டினால்தான் வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்ய உரிமம் கிடைக்கும். உரிமத்துக்காக வாரிச் சுருட்டி எடுத்துத் தள்ளிய சரக்குக்குப் பெயர்தான் கோட்டாப் படம். எங்கள் தொழிலில் அது வசவு. நான் பெரிய மனுஷியாக ஆசைப்பட்டேன், அம்மாவையும் அந்தக் கரையையும் மறைத்தேன்.

துண்டறிக்கையில் இருந்ததை அடித்துவிட்டு, 'நெத்திலி காயும் கரை, இயக்கம் ஓக் சிசங்' என்று எழுதினேன். செயுன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிரதி எங்கேயும் இல்லை, இயக்குநர் மட்டும் கங்ஹ்வா தீவில் உயிரோடு இருக்கிறார், காப்பகத்திலிருந்து என்றாலே ஃபோனை வைத்துவிடுகிறார் என்றார்.

மறுநாளே கங்ஹ்வாவுக்குப் பஸ் ஏறினேன். ஓக் சிசங்குக்கு எண்பத்தாறு வயது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும் ஒரு பார்வை பார்த்து, உள்ளே வரச் சொல்லித் தலையசைத்தார். குட்டை மேசையில் அரிசிக் கள்ளும் இரண்டு கிண்ணமும் வைத்தார். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு ஊற்றாமல் தான் மட்டும் ஊற்றிக்கொள்வது அறைவதற்குச் சமம். பொறுத்துக்கொண்டு, அவர் கிண்ணம் காலியானதும் நான் இரண்டு கையாலும் கெண்டியைத் தூக்கினேன். அவர் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அந்த நான்கு நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார், நல்ல சிரிப்பில்லை. "பதினோரு நாள்ல எடுத்த படம். கடைசி நாள் பார்த்தா நாலு நிமிஷம் நீளம் பத்தலை. ஃபிலிம் தீர்ற வரைக்கும் நெத்திலியப் பரப்பிக்கிட்டே இருன்னு அவகிட்ட சொன்னேன். அவ்வளவுதான் அந்தக் கலை."

எப்படி வந்திருந்தாலும் எனக்குப் போதும், பிரதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். உரிமம் கிடைத்த மறு மாதமே கம்பெனிக்காரன் அதை எடைக்குப் போட்டானாம், தொப்பிப் பட்டறைக்கு. வைக்கோல் தொப்பியைச் சுற்றிப் பட்டையாகத் தைக்க ஃபிலிம்தான் தோது. பளபளக்கும், மழைக்கு நனையாது. எங்கள் நாட்டு உழவர்களில் பாதிப்பேர் சினிமாவைத் தலையில் சுற்றிக்கொண்டுதான் நாற்று நட்டார்கள். ஓக் பட்டறைக்கு ஓடியபோது எல்லாம் தைத்து முடிந்திருந்தது. முப்பத்திரண்டு தொப்பி வாங்கினாராம். ஒன்றின் பட்டையில் மட்டும் அந்த நெத்திலிப் பெண் இருந்தாளாம்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது. நான் எழுந்தேன். அந்த வயதிலும் எனக்கு முந்திக்கொண்டு எழுந்து, அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உன் முதல் படத்தைப் பார்க்கும்போதே தெரிஞ்சுபோச்சு. என் கரைய ஒருத்தி பார்த்திருக்கான்னு. தியேட்டர்ல உக்காந்து அழுதேன். மறுநாள் பேப்பர்ல உன் பேட்டி. ஆசையாப் பிரிச்சேன். எவனோ வெள்ளைக்காரன் பேரு." மூச்சு வாங்கியது அவருக்கு. "இருபத்துமூணு வருஷம் ஒண்ணு விடாம வாங்கிப் படிச்சேன், இந்தத் தடவையாவது சொல்லுவாளான்னு. இப்ப தொப்பி வேணுமா? போய் அவன்கிட்டயே கேளு."

பஸ்ஸில் வரும்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டினேன், நிருபரைத் திட்டினேன். கிழவரையும் திட்டினேன், ஒரு கடுதாசி போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார் என்று. எல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது.

இல்லாத படத்தின் பெயரைப் போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று செயுன் கெஞ்சினார். போடாவிட்டால் விழாவுக்கே நான் வரமாட்டேன் என்றேன். கடைசியில் துண்டறிக்கை ஓக் சிசங் பெயரோடு அச்சானது, கீழே 'பிரதி இல்லை' என்ற குறிப்போடு. ஒன்றை உறையில் போட்டு கங்ஹ்வாவுக்கு அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. என்ன எழுத முடியும்?

விழாவின் முதல் நாள் பிற்பகல் இருநூறு பேர் வந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் திரை வெறுமையாக இருந்தது. நான் பொய் சொன்னேன், இருபத்துமூன்று வருடம் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கைக்கு வந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு சலசலப்பு. வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓக் உட்கார்ந்திருந்தார். அரங்க உதவியாளப் பெண் குனிந்து, "தாத்தா, தொப்பியக் கொஞ்சம் கழட்டிக்குங்க, பின்னாடி மறைக்குது" என்றாள். அவர் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

"விட்டுடும்மா" என்றேன் மைக்கில். "அந்தப் படத்துல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

இருநூறு தலையும் திரும்பின. ஓக் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். பின்னால் இருந்தவரிடம் கொடுத்து, ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார், பட்டையை விரலால் தொடக்கூடாது என்றார். அந்த ஆள் அதை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். தொப்பி வரிசை வரிசையாக நகர்ந்தது. மேடையிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவந்து வெளிறிய ஒரு பட்டை மட்டும்தான். கடைசி வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயுன் அதை வாங்கிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார். நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.

"அவளுக்கு மட்டும் குடுக்காதீங்க" என்றார் ஓக்.

செயுன் நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பிப்போய் அவர் மடியில் வைத்தார். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், மேசையில் கிடந்த துண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பரப்பி அடுக்க ஆரம்பித்தேன்.