முட்டை மிதக்கவில்லை

பாஸ்டர் மனைவி அசெனாத்தி நீட்டிய தாளைப் படித்ததும் லகிமைனாவுக்குக் காது மடல்வரை சூடேறியது.

'நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை கடல்நீரில் மிதக்கும். விசுவாசமும் நம்மை அப்படியே தாங்கும்.'

"இதைத்தான் பெசி ஞாயித்துக்கிழமை சொல்லணும். வெளிநாட்டுப் புத்தகத்துல பாத்து எழுதினது" என்றார் அசெனாத்தி.

"மிதக்காதும்மா. என் குழுப் பிள்ளைங்க கடற்கரையில ஒம்பது தடவை போட்டுப் பாத்தாங்க. ஒம்பதும் முங்கிடுச்சு. மிதக்கணும்னா அந்தத் தண்ணியில இன்னும் உப்பை அள்ளிப் போடணும்."

"உன் முட்டை கெட்டுப்போயிருக்கும்."

"கெட்ட முட்டைதாம்மா மிதக்கும்."

பக்கத்தில் இருந்த சபைப் பாட்டுக்குழுப் பெண்கள் சிரிப்பை விழுங்கினார்கள். சவாயித் தீவின் அந்த ஊரில் பாஸ்டர் மனைவியிடம் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

"அப்ப உன் பிள்ளைங்க மேடை ஏறவேண்டாம். பெத்தவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லிக்கோ."

வெள்ளை ஞாயிறு வருடத்துக்கு ஒருமுறை வருவது. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, ஊர் முன்னால் மனப்பாட வசனம் ஒப்பிக்கும் நாள். லகிமைனாவின் சனிக்கிழமை அறிவியல் குழுவில் பதினான்கு பிள்ளைகள். பதினான்கு உடுப்பும் தைத்தாகிவிட்டது. அந்தக் குழுவுக்கு அவள் வைத்திருந்தது ஒரே விதி: பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பெசியிடம் கொடுத்தாள். குழுவில் ஒருத்தி, பத்து வயதுப் பெண் அது.

"அக்கா, இது தப்பாச்சே?"

"மனப்பாடம் பண்ணுன்னா பண்ணு" என்று எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடி ஜாடியில் கடல்நீர். பெசி முட்டையை விட்டாள். அது நேரே போய் அடியில் உட்கார்ந்தது. பெசி தலையை நிமிர்த்தி, "கடல்நீரில் மிதக்கும்" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். ஜாடியை ஒருவரும் பார்க்கவில்லை. "மாலோ, மாலோ" என்று சபை பாராட்டியது. பெசியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அசெனாத்தி அடுத்த பிள்ளைக்குக் கைகாட்டினார்.

லகிமைனாவுக்கு இப்போது தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. முட்டையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பொய் சொல்ல ஒரு குழந்தையைப் பழக்கியது அவள்தான். விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"பெசி, முட்டை எங்க இருக்கு?"

"அடியில."

"லகி, உக்காரு" என்றார் அசெனாத்தி, பல்லிடுக்கில்.

"நான் சொல்லச் சொன்னது தப்பு பெசி. நீ பாத்ததைச் சொல்லு."

பெசி அம்மாவைப் பார்த்தாள். அசெனாத்தியைப் பார்த்தாள். "கடல்தண்ணியிலயும் முங்குது. ஒம்பது தடவை பாத்தோம். இதோட பத்து."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆமா, முங்கித்தான் கிடக்கு."

ஆராதனை முடிந்ததும் அசெனாத்தி வாசலில் மறித்தார். "சபை நடுவுல என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட. இனிமே பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஜாடியை ஒரு தடவை பாத்திருக்கலாம்மா."

ஊரெல்லாம் விருந்துக்கு உட்கார, லகிமைனா வெயிலில் தனியாக நடந்தாள். கோபம் தணியவில்லை. பின்னால் ஓடிவந்த பெசி வழியை மறித்து நின்றாள். அவள் முகமும் சிவந்திருந்தது.

"அன்னைக்கு என்னை ஏன் அதட்டினீங்க? நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே. அவங்ககிட்ட காட்ட முடியாத கோபத்தை உன்கிட்ட காட்டிட்டேன். மன்னிச்சிடு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் பெசி, முறைப்பு மாறாமல்.