மெஷின் வராத படிப்பு

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். பொங்கியது, துடைத்தான். தனக்கு, மாமியாருக்கு, மச்சினிக்கு என்று மூன்று காப்பி கலந்தான். மனைவி இறந்த பிறகும் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். யாரும் போ என்று சொல்லவில்லை, யாரும் போகவுமில்லை.

மச்சினி பள்ளி முடித்தவள். மேஜையில் செல்போனோடு உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள்.

"நர்சிங்னு போடுடி," என்றாள் மாமியார். "மெஷின் படம் வரையும், கதை எழுதும். பெட்பேன் வைக்குமா?"

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் பிளம்பர் ஆகப்போறானாம். இப்ப அவன்தான் ராஜா. நான் மொழிபெயர்ப்பு படிக்கணும்னேன். எனக்குப் பேரு காலாவதி."

"சிரிக்காதே. ஊரே சொல்லுது."

"எல்லா வேலையும் போயிடும்னுதான் சொல்றாங்க. போறதுதான் போகுது, பிடிச்ச வேலையாப் போகட்டுமேம்மா."

"ஒருத்தியைப் பறிகொடுத்தாச்சு. நீயாவது சோத்துக்கு அல்லாடாம இருக்கணும்."  மாமியார் வழக்கமான அஸ்திரத்தை எடுத்தாள். "உங்கக்கா கடைசியா என்ன சொன்னா? தங்கச்சியை நர்ஸ் ஆக்குங்கன்னுதானே?"

மச்சினி தலையைக் குனிந்தாள்.  விரல் 'நர்சிங்' என்ற வரிக்கு நகர்ந்தது.

அவன் மனைவி கடைசியாகப் பேசிய நேரத்தில் மாமியார் ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள். துக்கம் கேட்க வந்த யாரிடமோ ஒருமுறை இந்த நர்ஸ் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளே நம்பிவிட்டாள். அவன் இதுவரை மறுக்கவில்லை. தான் உண்மையில் கேட்டதை வெளியே சொல்லிவிட்டால் தன்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

மச்சினியின் விரல் நின்றது.

"பெத்தவளுக்குத் தெரியாதா, மாப்பிள்ளை?"

"நீங்க அப்ப அங்க இல்ல."

"நான் இருந்தேனே, மாமா," என்றாள் மச்சினி. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நீ அவ கட்டில் பக்கத்து பெஞ்சுல தூங்கிட்டிருந்தே."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "என்ன சொன்னா?"

மாமியாரும் அவனையே பார்த்தாள்.  அவன் கணக்கு ஒப்பிக்கும் குரலில் சொன்னான்.

"ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, பிள்ளைக்குக் குளிரும். எழுப்பாதீங்க."